‘கையைக் காட்டு’ குழு

ஆகஸ்ட் 27, செவ்வாய்

எட்டு மணிக்கே வெயில் கொளுத்துகிறது. ஆவணி என்று சொன்னால் யார் நம்புவார்கள். பயிற்சி மையத்தில் மூன்று மின்விசிறிகளில் ஒன்று ஓடவில்லை. எலக்ட்ரீஷியன்: “நாளைக்கு வர்றேன் மேடம்.” போன வாரமும் இதே நாளை.

செய்ய வேண்டியவை:
– பஞ்சு, ஸ்பிரிட்
– ரப்பர் கை ஒழுகுகிறது, ஒட்ட வேண்டும்
– தளத்தில் கேள்வி
– சிலிண்டர் பதிவு

தளம் என்றால் த.அ. (தலைமை அலுவலகம்) புதிதாகத் திறந்திருக்கும் இணையதளம். பயிற்சிக்கு வரும் பெண்கள் அதில் ஒருவரோடொருவர் பேசிக் கற்க வேண்டுமாம். பதில் சொன்னால் நட்சத்திரம். நட்சத்திரம் சேர்ந்தால் பதக்கப் படம். இதற்காக எங்களுக்குச் சென்னையில் இரண்டு நாள் வகுப்பு நடந்தது. நல்ல சாப்பாடு. பேசியவர்களில் ஒருவர்கூட எங்கள் பெண்களைப் போல யாரையும் பார்த்திருக்க மாட்டார் என்று தோன்றியது.

போட்ட கேள்வி: “ரத்தக்குழாயைக் கண்டுபிடிப்பது எப்படி? கலந்துரையாடுக.”
மாலைக்குள் வந்த பதில்கள்: இரண்டு ரோஜாப்பூ. ஒரு “சரி மேடம்”. பர்வீனிடமிருந்து ஒரு கட்டைவிரல்.

பதினெட்டுப் பெண்கள். ரத்த மாதிரி எடுக்கும் மூன்று மாதப் பயிற்சி. ஊசி விஷயம் முழுக்க எஸ்தர் சிஸ்டர் பொறுப்பு, ஓய்வுபெற்ற நர்ஸ். என் பொறுப்பு வருகைப்பதிவு, போன், ஊக்கப்படுத்துதல். மூன்றாவதுதான் வரமாட்டேன் என்கிறது.

தேவகி இன்றும் வரவில்லை. ஐயம்பேட்டைப் பெண், நெசவுக் குடும்பம், பயிற்சியில் இருப்பவர்களில் கை நிதானம் அவளுக்குத்தான் என்று சிஸ்டர் சொல்வார். போன் செய்தேன். பின்னால் தறிச் சத்தம்.

“ஆவணி முகூர்த்தப் புடவை மேடம். பொண்ணு வூட்டுக்காரங்க போன் மேல போன் போட்டுக்கினே இருக்கறாங்க. நான் எழுந்தா தறி நின்னுடுது.”

கோர்வைப் புடவை. உடலும் இந்தப் பக்கத்துக் கரையும் ஒருவர் கையில். அந்தப் பக்கத்துக் கரைக்கு நாடா (ஊடைநூல் கட்டை) எறிய இன்னொருவர் கூடவே உட்கார வேண்டும். இரண்டு ஆள் இல்லாமல் ஓடாது. அவள் கணவர் குமரேசனுக்கு இரண்டாவது ஆள் அவள்தான்.

“பாத்து வாம்மா” என்றேன்.

ஆகஸ்ட் 28, புதன்

இரவு மழை, காலையில் மறுபடி வெயில். முழங்கால் வலி.

தேர்வு செப்டம்பர் 9 என்று முடிவாகிவிட்டது. தேர்வு எழுதத் தகுதியானவர்கள் பெயர் வருகிற செவ்வாய்க்குள் போக வேண்டும். தகுதி என்றால் சிஸ்டர் பார்க்க, உயிருள்ள மனிதர் கையில் இருபது முறை சரியாக எடுத்திருக்க வேண்டும். ரப்பர் கை செல்லாது. ஒரே ஆளின் கை இருமுறை செல்லாது. பெண்கள் தங்களுக்குள் எடுத்துக்கொள்வது ஆளுக்குப் பத்துக்கு மேல் கூடாது, அது எல்லோருக்கும் முடிந்துபோயிற்று. பிறகு அம்மா, அத்தை, பக்கத்து வீடு என்று ஆளுக்கு ஆள் கூட்டி வருகிறார்கள்.

தேவகிக்கு இன்னும் எட்டு கை வேண்டும்.

ஊரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம் இந்த முறை இரண்டு பேரை எடுப்பதாகச் சொல்லியிருக்கிறது. காலையில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வரும் வேலை. அவர்கள் ஒரு நாள் வந்து பார்த்தபோதே தேவகியை விசாரித்துவிட்டுப் போனார்கள். தேர்ச்சி பெற்றால்தான்.

மாலையில் அவளே கூப்பிட்டாள். மொட்டை மாடியிலிருந்து என்று நினைக்கிறேன், காற்று இரைச்சல்.

“மேடம், என் பேர எடுத்துடாதீங்க.”
“நான் எடுக்கலம்மா. சட்டம் எடுத்துடும்.”
பிறகு, “கல்யாணம் ஆனதுலருந்து எத்தனையோ புடவை மேடம். எல்லாத்தயும் குமரேசன் நெய்ததுன்னுதான் சொல்வாங்க. தப்பா சொல்லல. ஆனா தேவகி பண்ணுச்சுன்னு சொல்ற மாதிரி எனக்கு ஒன்னு வேணும்.”

போனை வைத்த பின்பும் தோசைக்கல் காய்ந்துகொண்டே இருந்தது. முதல் தோசை கருகியது.

ஆகஸ்ட் 30, வெள்ளி

இதை ஒழுங்காக எழுத வேண்டும். வரிசையாக.

காலையில் தேவகி வந்தாள். ஜரிகை தீர்ந்துவிட்டதாம், முதலாளி வீட்டிலிருந்து நாளைதான் வரும், அதனால் ஒரு நாள் கிடைத்தது. நான்கு வகுப்பு தவறியவள். சிஸ்டர் வேண்டுமென்றே அவளை எழுப்பிக் கேட்டார், எந்த நிற மூடி போட்ட குழாயில் முதலில் ரத்தம் எடுக்க வேண்டும், அடுத்தது எது, ஏன் என்று. அவள் வராத செவ்வாய்க்கிழமைப் பாடம் அது.

நிற்காமல் சொன்னாள். வரிசை பிசகவில்லை. காரணமும் சொன்னாள்.

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். “உனக்கு யாருடி சொன்னது?”

பின்வரிசையில் சிரிப்பு. தேவகி பர்வீனைப் பார்க்க, பர்வீன் கூரையைப் பார்க்க, மாட்டிக்கொண்டார்கள். பர்வீன் ஒலி முகம்மது பேட்டை பக்கம், வாய் துடுக்கு, பெரிய மனசு.

“மேடம், ஒன்னு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?”
“சொல்லு.”
“நாங்க தனியா ஒரு குரூப்பு வெச்சிருக்கோம். நீங்க இல்லாத குரூப்பு.”

சுருக்கென்றுதான் இருந்தது. பொய் எழுதுவானேன். என்னை வைத்துக்கொண்டு பேச முடியாத அளவு என்ன பேசுகிறார்கள்? முகத்தில் காட்டாமல், “என்னையும் சேத்துக்கலாமா?” என்றேன். பதினெட்டுப் பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாக்கெடுப்பு மாதிரி. பர்வீன் போனை எடுத்தாள்.

குழுவின் பெயர் ‘கையைக் காட்டு’. படத்தில் ஊசி குத்திய ஒரு வாழைத்தண்டு.

மாலை டவுன் பஸ்ஸில் உட்கார்ந்து, காதில் மாட்டிக்கொண்டு, முதலிலிருந்து கேட்டேன். பயிற்சி தொடங்கிய முதல் வாரத்திலிருந்தே இருக்கிறது! தினமும் மாலை, அன்றைக்கு வகுப்புக்கு வந்த யாரோ ஒருத்தி, வராதவர்களுக்கு முழுப் பாடத்தையும் பேசி அனுப்பியிருக்கிறாள். முறைவைத்து. குழாய்ப் பாடம் பர்வீன்:

“இன்னாபா, எல்லாருக்கும் கேக்குதா? தேவகி, நீ நாடா எறிஞ்சிக்கினே கேளு. முதல்ல நீலம். அப்பறம் அரக்கு. அப்பறம் ஜரிகை. கிளிப்பச்சை. கத்தரிப்பூ. கடைசியா சாம்பல். இது மாறுச்சுன்னா ஒன்னுல இருக்கற மருந்து இன்னொன்னுல ஒட்டிக்கும், ரிசல்ட்டு தப்பா வரும். புரிஞ்சுதா?”

தறிச் சத்தத்துக்கு நடுவில் தேவகி: “இப்டி ஒரு புடவைய யாருடி கட்டுவா?”

இன்னொருத்தி: “எங்க நாத்தனாரு கட்டுவா. குடுத்தா எதையும் கட்டுவா.”

பஸ்ஸில் நான் வாய்விட்டுச் சிரித்ததில் பக்கத்து அம்மாள் தள்ளி உட்கார்ந்தார்.

பிறகு படங்கள். கைகள். முகமே இல்லை, முழங்கை மடிப்பிலிருந்து விரல் வரை மட்டும். ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரே கேள்வி: “எங்க குத்துவீங்க?” மற்றவர்கள் அதன்மேல் சிவப்புப் புள்ளி வைத்துத் திருப்பி அனுப்புகிறார்கள். தப்பென்றால் சண்டை. “அது நரம்பு இல்லடி, தசை.” “தொட்டுப் பாத்தியா, பந்து மாதிரி எகிறணும்.” “எங்க மாமியாருக்குக் கயிறு கயிறா தெரியுது, கண்ண மூடிக்கினு குத்தலாம், ஆனா உடமாட்டாங்க.”

எத்தனை கைகள். சாயம் ஏறிய நகங்கள். பச்சை குத்திய பேர். கண்ணாடி வளையல், செம்புக் காப்பு. மண்வெட்டிக் காய்ப்பு. குழந்தை பெற்ற அன்று ஊசி போட்ட தழும்பு. மருதாணி பாதி அழிந்தது. ஒரு கை முழுக்க மாவு, இட்லிக்கு அரைத்துக்கொண்டிருந்தவளை நீட்டச் சொல்லியிருப்பார்கள்.

நான் கேட்ட கேள்வியும் இதுதான். ரத்தக்குழாயைக் கண்டுபிடிப்பது எப்படி. என் தளத்தில் இரண்டு ரோஜாப்பூ வந்துகொண்டிருந்த அதே நாளில் இங்கே எத்தனையோ கைகள்.

பெரிய கோயில் பிராகாரத்தில் தனியாகச் சுற்றிக்கொண்டிருப்பதாக நினைத்து, ஒரு மூலை திரும்பினால் ஊரே அங்கே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பது போல. யாரும் இவர்களை உட்காரச் சொல்லவில்லை. விளக்குகூட இவர்களே ஏற்றிக்கொண்டார்கள்.

செவிலிமேடு நிறுத்தம் போனதே தெரியவில்லை. பாலாற்றுப் பாலம் வந்த பின்தான் தலை நிமிர்ந்தேன். திரும்பி நடந்தேன். முழங்கால் வலி ஞாபகமே இல்லை.

ஆகஸ்ட் 31, சனி

மின்விசிறி ஓடுகிறது. அதிசயம்.

மண்டல மேலாளர் போன். “உங்க பேட்ச்ல எங்கேஜ்மென்ட் ரொம்ப லோவா இருக்குது மேடம். தளத்துல யாருமே பேசல.” பேசுகிறார்கள் சார், வேறெங்கோ, என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன். இன்னும் ஒரு நாளாவது எனக்கே எனக்காக இருக்கட்டும்.

தேவகி விஷயத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது. திங்கள்கிழமை அமாவாசை. அமாவாசையன்று ஊரில் ஒரு தறியும் ஓடாது. நெசவாளர்களுக்கு அதுதான் விடுமுறை. தேவகிக்கு அன்று முழு நாள் கிடைக்கும்! செவ்வாய் பெயர் அனுப்ப வேண்டும், திங்கள் எட்டு கை எடுத்துவிட்டால் சரி. சிஸ்டர் ஒத்துக்கொண்டார். அவருக்கு அமாவாசையும் ஒன்றுதான், பௌர்ணமியும் ஒன்றுதான்.

மையத்தின் குழுவில், அதாவது நான் தொடங்கிய குழுவில், அறிவிப்பு: “திங்கள் காலை 9 மணி, சிறப்புப் பயிற்சி. தேவகிக்காக. ஆளுக்கு ஒரு உறவினரை அழைத்து வாருங்கள்.”

பதினேழு கட்டைவிரல். யாரும் ஒரு சொல் எழுதவில்லை. எல்லோருக்கும் சம்மதம்.

என் யோசனையில் எனக்கே ஒரு பெருமை. அவரிடம் (வீட்டுக்காரரிடம்) சொன்னேன். “பேசாம நெசவாளர் சங்கத் தேர்தல்ல நிக்கலாம் நீ” என்றார்.

செப்டம்பர் 1, ஞாயிறு

மீன் குழம்பு. மகள் விடுதியிலிருந்து பேசினாள், இருமல், கஷாயம் குடிக்கச் சொன்னேன், குடிக்க மாட்டாள்.

பதினொரு மணிக்கு பர்வீன்.

“மேடம், நாளைக்கு அமாவாசை.”
“தெரியும் பர்வீன். அதுக்காகத்தானே வெச்சேன்.”
“இல்ல மேடம்... இவங்க அமாவாசையில நகமே வெட்ட மாட்டாங்க. ரத்தம் எப்டி குடுப்பாங்க?”

கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

நகம் வெட்டக் கூடாது என்பது எனக்கும் தெரியும். உத்திரமேரூர் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள், அமாவாசை எங்களுக்கு நல்ல காரியம் தொடங்கும் நாள், போர் போட, வண்டி வாங்க. நகத்தையும் முடியையும் அன்று தொட மாட்டோம். அதோடு நிறுத்திக்கொண்டேன். உடம்பிலிருந்து எதுவும் எடுக்கும் நாள் இல்லை என்ற இடத்துக்கு என் புத்தி போகவில்லை. தறியை நினைத்தேன், நெய்கிறவர்களை நினைக்கவில்லை.

“ஏன் யாருமே சொல்லல? பதினேழு பேரு விரலைக் காட்டினீங்களே!”
“எல்லாரும் பாக்கற எடத்துல மேடம் சொன்னத எப்டி மேடம் தப்புன்னு சொல்றது?”
“அந்தக் குரூப்ல?”
“அதுலயும் இப்ப நீங்க இருக்கறீங்களே.”

பர்வீன் இதைக் கேலியாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

தேவகி இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையாம். வருகிறேன் என்று மட்டும் சொன்னாளாம். இனிமேல் நாள் மாற்ற வழியில்லை.

“உடுங்க மேடம். எங்க பக்கம் அமாவாசை கிடையாது. நான் ஸ்டேட்டஸ் வெக்கறேன்.”

வைத்தாள். அப்படியே எழுதிவைக்கிறேன்:

“நாளைக்கு காலை 9 மணி. பயிற்சி மையம். எங்க தேவகிக்காக எட்டு கை வேணும். சுகர் பாத்து சும்மா சொல்லுவோம். அமாவாசை பாக்காதவங்க கை குடுக்க வாங்க. பாக்கறவங்க டீ குடிக்க வாங்க.”

அரை மணிக்குள் அதையே மற்ற பெண்கள் எடுத்துத் தங்கள் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டார்கள். மாலையில் எங்கள் தெருவில் பால் ஊற்றும் அம்மாள் கேட்கிறார்: “யாரு மேடம் அந்த தேவகி? பாவம், ஆபரேஷனா?”

செப்டம்பர் 2, திங்கள். அமாவாசை

வானம் மூடி, மழை இல்லை. தெருவில் தறிச் சத்தம் இல்லாத காலை. காது அடைத்தது போல.

எட்டரைக்கு நான் கதவைத் திறக்கும்போது பர்வீனின் அப்பா படியில் உட்கார்ந்திருந்தார், சட்டைக் கையை மடித்துவிட்டு. “வெறும் வயித்துல வரணுமாம்மா? டீ சாப்ட்டேன், பரவாயில்லயா?” அவர் பின்னால் பர்வீனின் சாச்சிகள் (சித்திகள்) இருவர். பிறகு சிஸ்டர் போகும் சர்ச்சிலிருந்து ஒரு தம்பதி. பிறகு யாருக்கும் தெரியாத ஒரு பேருந்து நடத்துநர், சீருடையில், அவர் மனைவியின் அக்கா ஸ்டேட்டஸில் பார்த்தாராம். “பதினொன்னுக்கு டியூட்டி மேடம், முதல்ல என்னுத எடுத்துக்குங்க.” திருப்பருத்திக்குன்றத்திலிருந்து ஒரு டீச்சர், நடந்தே வந்திருக்கிறார்.

டீ குடிக்கவும் வந்தார்கள். அதுதான் நான் எதிர்பாராதது. தலைக்குக் குளித்து, நெற்றி நிறைய விபூதியோடு, லீவு நாள் வேட்டியில் நெசவாளர்கள். கை தர முடியாது. ஆனால் பார்க்க வேண்டும். சன்னலில் வரிசையாக முகங்கள்.

தேவகி யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கையில் ரப்பர் பட்டையைக் கட்டுவது, விரல் நுனியால் தடவி நிற்பது, துடைப்பது, காய விடுவது, “மூச்ச உடுங்கண்ணா” என்று சொல்லி அவர் விடுவதற்குள் முடித்துவிடுவது. சாச்சிகளில் மூத்தவர் முடிந்த பிறகும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். “இன்னும் குத்தலியாமா?” அறை சிரித்தது.

ஏழு கை முடிந்தது. எட்டாவது இல்லை. சிஸ்டர் வாசலைப் பார்க்கிறார், நான் வாசலைப் பார்க்கிறேன். பர்வீன் போனில் யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறாள், “கிளம்பிட்டேன் கிளம்பிட்டேன்னு எங்கய்யா கிளம்பின?”

அப்போது சன்னல் பக்கத்திலிருந்து குமரேசன் உள்ளே வந்தார். அவளை வண்டியில் கொண்டுவந்து விட்டவர், காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாமல் வெளியே நின்றவர்.

“நான் குடுக்கறேன்.”
வெளியிலிருந்து ஒருவர், “டேய், அமாவாசைடா.”
“லீவு தறிக்குதான். எனக்கு இல்ல.”

உட்கார்ந்தார். தேவகி பட்டை கட்டினாள். ஊசி போனது. குழாயில் ரத்தம் ஏறுவதை அவர் குனிந்து பார்த்தார். பார்த்ததுதான் தப்பு. கண் மேலே போக, ஆள் அப்படியே சாய்ந்தார்.

எல்லோரும் கத்தினோம். நானும். கத்தாதவள் ஒருத்திதான். பட்டையை இழுத்துவிட்டாள், ஊசியை எடுத்தாள், பஞ்சை வைத்து அழுத்தினாள், தன் தோளால் அவரைத் தாங்கி மெல்லத் தரையில் படுக்க வைத்து, காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்தாள். கட்டின கணவர் விழுகிறார், இவள் முதலில் ஊசியை எடுக்கிறாள். சிஸ்டர் என் காதில், “பாத்தீங்களா? இதச் சொல்லிக் குடுக்க முடியாது.”

குமரேசன் கண் விழித்ததும் சன்னலிலிருந்து ஒரு குரல்: “இன்னாபா, தறியில முழுப் பாவு நூலும் அறுந்தாகூட இப்டி விழ மாட்டியே!” அவரும் படுத்தபடியே சிரித்தார்.

ஆனால் குழாய் பாதிதான் நிறைந்திருந்தது. சிஸ்டர் அதைத் தூக்கிப் பார்த்தார். வருத்தம்தான், ஆனால் அவர் சிஸ்டர். “இது செல்லாதும்மா.”

பெண்கள் எல்லோரும் எங்கெங்கோ பார்த்தார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. அப்புறம்தான் உறைத்தது. இந்த அறையில் இதுவரை யாரும் ஊசி போடாத கை ஒன்று இருக்கிறது. இத்தனை நாளில் ஒருத்திகூட அதைக் கேட்டதில்லை, மேடம் கை. நானும் நீட்டியதில்லை. எனக்கு ஊசி என்றால் பயம். பிரசவத்தில்கூடக் கண்ணை மூடிக்கொண்டவள்.

தேவகி கை கழுவிவிட்டு வந்தாள். புது ஊசியைப் பிரித்தாள். நேராக என் முன்னால் வந்து நின்றாள்.

“மேடம். கையைக் காட்டுங்க.”

காட்டினேன்.

விரல் நுனி என் தோலில் நின்ற அந்த நேரத்தை எப்படி எழுத. அவள் பார்த்துக்கொண்டிருந்தது என்னை அல்ல, தோலுக்குள்ளே. எனக்கே தெரியாத ஏதோ ஒன்றை அவள் அங்கே கேட்டுக்கொண்டிருப்பது போல. பிறகு ஓர் எறும்புக் கடி. அவ்வளவே. கண்ணைத் திறந்து வைத்திருந்தேன். என் ரத்தம் இவ்வளவு கறுப்பாக இருக்கும் என்று நினைத்ததில்லை. அமைதியாக, அவசரமே இல்லாமல் ஏறியது.

சிஸ்டர் சொன்னார், “எட்டு.”

வெளியே நின்றவர்கள் கை தட்டினார்கள். பர்வீன் அழுதுகொண்டே டீ ஊற்றினாள்.

பி.கு. சர்க்கரை எல்லையைக் கொஞ்சம் தாண்டியிருக்கிறதாம். “பாயசத்த நிறுத்துங்க மேடம்.” அமாவாசைச் சமையலில் பாயசம் இருந்தது. சாப்பிட்டேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

பதினெட்டுப் பெயரும் போயிற்று.

மேலாளருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அந்த ஸ்டேட்டஸ் அவர் மனைவி போன் வரை போயிருக்கிறது. கோபமில்லை, குஷி. “சூப்பர் மேடம்! அந்த குரூப் லிங்க் அனுப்புங்க, த.அ.லருந்து ரெண்டு பேர் அட்மினா உள்ள வரட்டும். இதைத் தளத்துக்கே மாத்திடலாம்.”

என் குழு இல்லை, அவர்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். இப்படிச் சொன்னது எனக்கே புதிது. கேட்டேன். நான் இருக்கும் இடத்தில் வாய் திறக்க மாட்டார்களோ என்று பயம். பர்வீனின் குரல் உடனே வந்தது:

“வரட்டும் மேடம். முதல்ல கையைக் காட்டச் சொல்லுங்க.”

அதன் கீழே பதினேழு சிரிப்பு. மேலாளரிடம் அப்படியே சொன்னேன். மறுபடி அவர் லிங்க் கேட்கவில்லை.

செப்டம்பர் 9, திங்கள்

தேர்வு. வெளியிலிருந்து வந்தவர் கண்டிப்பானவர், சிரிக்கவே இல்லை. பதினெட்டில் பதினாறு தேர்ச்சி. தேவகி தேர்ச்சி. பர்வீன் தேர்ச்சி, எழுத்தில் ததிங்கிணத்தோம்.

தவறிய இருவருக்கு இன்று மாலையே அந்தக் குழுவில் பாடம் தொடங்கிவிட்டது. நடத்துவது தேவகி. தறிச் சத்தம் பின்னால்.

துணி காயவில்லை. வீடெல்லாம் ஈர வாடை.

செப்டம்பர் 12, வியாழன்

பரிசோதனை நிலையத்திலிருந்து போன். எடுப்பது பர்வீனையும் தேவகியையும். திங்கள் முதல், காலை ஆறிலிருந்து பதினொன்று வரை. சனிக்கிழமைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். இல்லையென்றால் அடுத்த பேர்.

பர்வீன் கேட்ட நொடியே சரி. தேவகி, “கேட்டுச் சொல்றேன் மேடம்.” அவ்வளவுதான்.

ஆறிலிருந்து பதினொன்று. தறி நன்றாக ஓடும் நேரமே அதுதான், வெயில் ஏறுவதற்கு முன்னால். முகூர்த்தப் புடவை முடிந்து அடுத்த பாவு ஏற்றிவிட்டார்களாம். அதுவும் கோர்வை. தேர்வுக்கு ஒரு நாள் கிடைத்தது. வேலை தினமும் ஆயிற்றே.

நான் போன் செய்து வற்புறுத்தக் கூடாது. இரண்டு முறை எடுத்து வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 13, வெள்ளி

பதில் இல்லை. குழுவிலும் அவள் குரல் இல்லை. நேற்றைய பாடத்தைப் பர்வீன் நடத்தினாள், ஒரு நகைச்சுவைகூட இல்லாமல்.

காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போனேன். வேண்டிக்கொள்ளத் தெரியவில்லை. அவளுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று வேண்டினால் அந்தத் தறி நிற்க வேண்டும் என்று வேண்டுவதாகாதா? சும்மா நின்றுவிட்டு வந்தேன். மாதவிடாய் இந்த மாதமும் தள்ளிப்போகிறது. கொய்யா கால் கிலோ.

செப்டம்பர் 14, சனி

காலையிலிருந்து தூறல். பரிசோதனை நிலையத்துக்கு மதியத்துக்குள் சொல்ல வேண்டும். பஸ் நிறுத்தத்தில் நிற்கிறேன், அங்கேயே இதை எழுதுகிறேன், குடைக்குள்.

பத்து மணிக்குக் குழுவில் பர்வீன் ஒரு படம் போட்டாள். குமரேசனின் ஸ்டேட்டஸ். காலையில் வைத்திருக்கிறார். அவர் தறியின் படம், இரண்டு பேர் உட்காரும் பலகையில் ஒரு பாதி காலி. கீழே:

“கோர்வைக்கு ஆள் தேவை. காலை 6 முதல் 11. ஐயம்பேட்டை. வீட்ல திங்கள்லருந்து வேலைக்குப் போறாங்க.”

நான்கு முறை படித்தேன். ஊர் முழுக்கப் பார்க்கும் இடத்தில், தன் தறியின் பாதியைத் திறந்து காட்டி, ஒரு மனிதர் எழுதியிருக்கிறார். ‘போறாங்க.’ அனுமதி கேட்கும் தொனியுமில்லை, கொடுக்கும் தொனியுமில்லை. செய்தி, அவ்வளவுதான். மழை நின்றதா பெய்கிறதா என்றே எனக்குத் தெரியவில்லை.

அதன் கீழே தேவகி, மூன்று நாளில் முதல் சொல்: “மேடம், சரின்னு சொல்லிடுங்க.”

சொல்லிவிட்டேன். “வருகிறாள்” என்பதையே மூன்று முறை சொன்னேன் போல, எதிர்முனையில் “மேடம், லைன் சரியில்லயா?” என்று கேட்டார்கள்.

இப்போதுதான் பர்வீன் இன்னொரு படம் போட்டிருக்கிறாள். ஐயம்பேட்டையிலேயே வேறு ஒருவர், பெயர் தெரியவில்லை, குமரேசனுக்குப் பதில் எழுதியிருக்கிறார்: “அண்ணா, உங்களுக்கு ஆள் கெடச்சா எனக்கும் ஒன்னு சொல்லுங்க. எங்க வூட்லயும் அடுத்த பேட்ச்ல சேரணும்ன்றாங்க. நம்பர் இருக்குதா?”

நம்பர் என்னுடையதுதான். கொடுத்திருக்கிறார்கள். இதோ போன் அடிக்கிறது. பஸ்ஸும் வந்துவி—